மீன்கார அக்கா ஃப்ரீசர் வாங்கலாமா?

தொழில்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "தொழில்முனைவுப் பாடம் நடத்துகிறவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்துக் கடையின் கணக்கை மேசை மேல் வையுங்கள்" என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ஜி.எஸ்.டி., சீட்டு சந்தேகம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி உதவிப் பேராசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

*மேடம், பி.காம். இரண்டாம் ஆண்டுக்குத் தொழில்முனைவுப் பாடம் எடுக்கிறேன். கேஸ் ஸ்டடி (ஒரு தொழிலில் வந்த சிக்கலைக் கொடுத்து விவாதிக்க வைப்பது) வைத்து நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஷாம்பு பாக்கெட் கதை, ஐஸ்கிரீம் கதை எல்லாம் தயார் செய்துகொண்டு போய்ச் சொல்கிறேன். பிள்ளைகள் ரசிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். "சரி, இப்போ பேசுங்க" என்றால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?*

கைதட்டுகிறார்கள் என்றால் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம். முடிந்துபோன கதையில் அவர்கள் பேச என்ன இருக்கிறது? கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து ஷாம்பு தொடங்கினார், பெரிய ஆளாகிவிட்டார் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இனி மாணவனால் "நல்லா பண்ணார் மேடம்" என்றுதான் சொல்ல முடியும். வியாசர்பாடிப் பையன்களைக் கேளுங்கள், கோல் விழுந்ததை டி.வி.யில் பார்த்தே எவனாவது பந்து விளையாடக் கற்றுக்கொண்டானா என்று. வெற்றிக் கதை அந்த டி.வி. மாதிரி. கேஸ் என்பது பந்து காலில் இருக்கிற நேரம்.

அதனால் கதையை வெட்டுங்கள். எங்கே வெட்டுவது என்பதுதான் ஆசிரியரின் திறமை.

உங்கள் கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே ஒரு நல்ல கேஸ் இருக்கிறது. 1970-ல் ஆர்.ஜி. சந்திரமோகன் ராயபுரத்தில், 250 சதுர அடி இடத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஐஸ் தயாரிக்க ஆரம்பித்தார். குடும்பச் சொத்தை விற்று வந்த 13,000 ரூபாய்தான் முதல். தள்ளுவண்டியில் குச்சி ஐஸ். ஊருக்குள் பெரிய ஐஸ்கிரீம் பெயர்கள் ஏற்கெனவே காலூன்றியிருந்தன, நல்ல கடைகள் எல்லாம் அவர்கள் கையில். இந்த இடத்தில் நிறுத்துங்கள். அருண் ஐஸ்கிரீம் என்ற பெயரையே சொல்லாதீர்கள். சொன்னால் விடை தெரிந்துவிடும், எல்லோரும் அதை நோக்கியே பேசுவார்கள். "ராயபுரத்தில் ஓர் இளைஞர்" போதும்.

இப்போது கேளுங்கள்: வண்டி வெயிலில் நின்று ஐஸ் உருகினால் நஷ்டம் யாருக்கு, வண்டிக்காரருக்கா, முதலாளிக்கா? மழைக்காலத்தில் ஆட்களை என்ன செய்வது? கையில் இருக்கும் காசுக்குப் பெரிய கடைக்காரரிடம் போய்க் கெஞ்சலாமா, வேறு ஆளைத் தேடலாமா? வேறு ஆள் என்றால் யார்? பள்ளிக்கூட வாசலா, கல்லூரி கேண்டீனா, துறைமுகத்துக்கு வரும் கப்பலா, வெளியூரா? இருபது நிமிடம் அடித்துக்கொள்ளட்டும். அப்புறம் இரண்டாவது தாளைக் கொடுங்கள்: கேண்டீன்களையும் கப்பல்களையும் பிடித்தது, பெரிய நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போனது, ஊருக்கு ஊர் தன் பெயரிலேயே கடை வைத்தது. அந்தத் தாளைப் படிக்கும்போது பிள்ளைகள் கைதட்ட மாட்டார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒருத்தி கத்துவாள். "வெளியூருக்குப் போனா உருகிடாதா, அதை எப்படிச் சமாளிச்சார்?" என்று இன்னொருத்தன் கேட்பான். அதற்கு அப்புறம் நீங்கள் அவர்களை நிறுத்தத்தான் பாடுபட வேண்டும்.

இன்னொன்று. கேள்வி கேட்டதும் பத்து எண்ணும் வரை சும்மா இருங்கள். கேட்ட வேகத்தில் பதிலையும் நாமே சொல்லிவிடுவது வாத்தியார் வியாதி. அந்தப் பத்து எண்ணிக்கை ஒரு யுகம்போல இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

மாணவர், தண்டையார்பேட்டை

*கேஸ் ஸ்டடி என்றாலே ஹார்வர்டு என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கித்தான் படிக்க வேண்டுமா?*

வேண்டாம் தம்பி. அந்த முறைக்கு ஹார்வர்டு பிறந்த வீடுதான், ஆனால் பிறந்தது வியாபாரப் பள்ளியில் அல்ல, அங்கேயே சட்டப் பள்ளியில். 1870-ல் லாங்டெல் என்பவர் சட்டத்தை விதி விதியாக ஒப்பிக்கச் சொல்லாமல், வழக்குகளைக் கையில் கொடுத்து விவாதிக்கச் சொன்னார். 1908-ல் தொடங்கிய வியாபாரப் பள்ளிக்கு சட்டம் படித்த டோனம் என்பவர் தலைவராக வந்த பிறகு அதே வழியை அங்கேயும் கொண்டுவந்தார்கள். 1921-ல் எழுதிய முதல் கேஸ் ஒரு செருப்புக் கம்பெனியைப் பற்றியது. வேலை முடியும் நேரத்துக்கு வெகு முன்பே ஆட்கள் கையை நிறுத்திவிடுகிறார்கள், ஏன், என்ன செய்யலாம்? விஷயம் அவ்வளவுதான். இன்றைக்குத் திருவொற்றியூரிலோ அம்பத்தூரிலோ உள்ள எந்தப் பட்டறை மேஸ்திரியும் இதே கேஸை உனக்கு வாயாலேயே சொல்லிவிடுவார். நம் நாட்டில் 1961-ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் துணையோடு இந்த முறையைக் கொண்டுவந்தது.

வாங்கிப் படிக்கிற கேஸ்கள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டின் பங்குதாரர் பிரச்சினையில் உனக்கு என்ன கருத்து இருந்துவிடப் போகிறது? புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்வாய். கொருக்குப்பேட்டை இட்லிக் கடை என்றால் உன் பாட்டிக்கே ஒரு கருத்து இருக்கும்.

மகளிர் சுய உதவிக் குழுப் பயிற்சியாளர், கொருக்குப்பேட்டை

*உள்ளூர் கேஸ் என்கிறீர்கள், எப்படி எழுதுவது என்று சொல்லவில்லையே அம்மா. எங்கள் பெண்களில் பலர் எட்டாவது, பத்தாவது படித்தவர்கள். பத்துப் பக்கம் கொடுத்தால் ஓடிவிடுவார்கள். ஒரு மாதிரி கொடுக்க முடியுமா?*

ஒரு பக்கம் போதும். நான் அடிக்கடி பயன்படுத்துவதை அப்படியே தருகிறேன். இது ஒரே ஆளின் கதை அல்ல, பலரிடம் பேசிச் சேர்த்தது. எண்கள் வகுப்புக்காக நான் வைத்தவை.

"அக்காவுக்கு 43 வயது. விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேட்டில் இருப்பார். ஏலத்தில் தினமும் சுமார் 4,000 ரூபாய்க்கு மீன் எடுக்கிறார். அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, ஆட்டோ பிடித்து, பெரம்பூர்ப் பக்கம் நாற்பது வாடிக்கை வீடுகளுக்குப் போய் விற்கிறார். விற்பனை சராசரி 5,200. ஆட்டோவுக்கு 300, ஐஸுக்கு 100, கவர், டீ 50. பாதி வீடுகள் சம்பளத் தேதியில்தான் காசு தருவார்கள், நோட்டில் நிலுவை 9,000. சீட்டை எடுத்தால் கைக்கு 25,000 வரும். ஜூனில் மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் 18,000 கட்ட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இன்று ஏப்ரல் 10. கடையை மூடும் ஒருவர் தன் பழைய ஃப்ரீசரை 22,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். தடைக்கு முன் மீன் வாங்கி நிரப்பிவைத்தால் இரண்டு மாதமும் விற்கலாமே என்கிறார். நாளை சாயந்திரத்துக்குள் பதில் வேண்டுமாம். அக்கா வாங்கலாமா?"

அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவர் இருந்தால் சத்தமாக இரண்டு தடவை வாசித்துவிடுங்கள். முதலில் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுங்கள்: வாங்கலாம், வேண்டாம். எண்ணிக்கையைப் பலகையில் ஓரமாக எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் ஒருவர், "தினம் 1,200 லாபம், தாராளமா வாங்கலாம்" என்பார். நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரே, "ஆட்டோ, ஐஸு யாரு கொடுப்பா, உங்க மாமியாரா?" என்று கேட்டு அதை 750-க்கு இறக்கிவிடுவார். அந்த 750 லாபமா, காலை நாலு மணியிலிருந்து மதியம் வரை நின்ற கூலியா என்று நீங்கள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகருங்கள். பாடப்புத்தகம் மூன்று பக்கத்தில் சொல்லும் விஷயம் அந்த ஒரு வாக்குவாதத்தில் வந்துவிடும். ஃப்ரீசர் விலை அக்காவுடைய ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு என்பதையும் யாராவது வகுத்துச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, மீன் தெரிந்த யாராவது ஒருவர் எழுந்து கேஸின் முதுகெலும்பையே உடைப்பார்: "தடை விசைப்படகுக்குத்தானே? கட்டுமரமும் ஃபைபர் படகும் போய்க்கிட்டுதானே இருக்கும்?" உண்மைதான். தடைக்காலத்தில் மீன் வராமல் போகாது. குறைவாக வரும், விலை ஏறும். அப்படியென்றால் அக்காவின் பிரச்சினை மீன் இல்லாதது அல்ல. அதே 4,000 ரூபாய்க்குக் கூடை பாதிதான் நிறையும் என்பது. இந்த இடத்தில் கேள்வி மாறுகிறது: நாற்பது வீட்டில் எந்த இருபது வீடு கூடுதல் விலை கொடுக்கும்?

பெரம்பூர் வாசலில் என்ன நடக்கும் என்பதும் இவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மா முதலில் விலை கேட்க மாட்டார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால்தான் பேச்சே. வெளுத்திருந்தால் "ஐஸ் மீனா, வேணாம்மா" என்று கதவைச் சாத்திவிடுவார். ஃப்ரீசரில் ஒரு மாதம் இருந்த வஞ்சிரத்தை அந்த வாசலில் எப்படி விற்பது? துண்டு போட்டு, மசாலா தடவிக் கொடுத்தால் செவுளே தெரியாதே என்று ஒரு பெண் சொல்வார். நல்ல யோசனை. ஆனால் அது வேறு தொழில், வேறு வாடிக்கையாளர். அதற்குக் கையில் காசு இருக்கிறதா? கருவாடு என்பார் இன்னொருவர். ஃப்ரீசரே வேண்டாம், கத்திரி வெயில் சும்மா கிடைக்கிறது. நோட்டில் தூங்கும் 9,000 ரூபாயை முதலில் வசூலித்தால் அது வட்டியில்லாத முதல் ஆயிற்றே என்பார் மூலையில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர். வசூலிக்கப் போய் வாடிக்கையை இழந்தால்? இப்படியே போகும்.

கேஸில் வேண்டுமென்றே ஒன்றை விட்டிருக்கிறேன், கவனித்தீர்களா? விற்காமல் மிஞ்சும் மீன் என்ன ஆகிறது என்று எழுதவில்லை. கரண்ட் பில் பற்றியும் பேச்சில்லை. யாராவது கேட்டால், "நல்ல கேள்வி, நீங்களே விசாரித்து வாருங்கள்" என்று அனுப்புங்கள். தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பங்களுக்கு உண்டே, கூடை தூக்கி விற்பவருக்கும் அது வருமா என்பதும் வீட்டு வேலைதான். எல்லாத் தகவலும் உள்ள கேஸ் கேஸே அல்ல. எந்தக் கடைக்காரருக்கு எல்லாத் தகவலும் கிடைத்திருக்கிறது?

கடைசியில் மறுபடி ஓட்டெடுங்கள். ஓரத்தில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டு, மனதை மாற்றிக்கொண்டவர்கள் ஏன் மாற்றினார்கள் என்று மட்டும் கேளுங்கள். நான் என்ன செய்வேன் என்று கேட்டால், ஃப்ரீசர் வாங்க மாட்டேன். ஃபீஸ் காசைத் தொட மாட்டேன். ஆனால் இதை இந்தப் பக்கத்தில்தான் சொல்வேன், வகுப்பில் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற கடைக்காரர், ராயபுரம்

*பர்மா பஜாரில் கடை வைத்திருந்தவன் நான். மூன்று தடவை விழுந்து எழுந்துதான் வியாபாரம் கற்றேன். என் பேரன் கல்லூரியில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய கடையைப் பற்றி விவாதம் செய்கிறானாம். வியாபாரத்தை இப்படிப் பேசிப் பேசிக் கற்க முடியுமா, சொல்லுங்கள்.*

ஐயா, பாதிக்குப் பாதி நீங்கள் சொல்வது சரி. பொருளைத் தொட்டுப் பார்த்ததும் தரம் தெரிவது, ஆளைப் பார்த்ததும் கடன் கொடுக்கலாமா என்று தெரிவது, இதெல்லாம் மேசையில் வராது. கேஸ் முறைக்கே ஒரு பெரிய ஓட்டை உண்டு. யாரோ ஒருவர் பிரச்சினையைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, தாளில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். உங்களுக்கு அப்படி யார் கொடுத்தார்கள்? கடையில் கூட்டம் குறைகிறது என்பதே இரண்டு மாதம் கழித்துத்தானே தெரிந்திருக்கும். அதனால்தான் நான் ஒரு பருவத்தில் கடைசிக் கேஸை மாணவர்களையே எழுதிவரச் சொல்வேன். தெருவில் இறங்கிப் பிரச்சினையை அவர்களே தேட வேண்டும். கேஸ் பேசுவதைவிட எழுதுவதில்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் கட்சி.

ஆனால் மீதிப் பாதிக்கு ஒன்று சொல்கிறேன். சரஸ் சரஸ்வதி என்று ஓர் ஆய்வாளர், நம் நாட்டில் பிறந்தவர், அமெரிக்காவில் பேராசிரியர். பெரிய நிறுவனங்களைக் கட்டியெழுப்பிய 27 பேரை உட்காரவைத்து, எல்லோருக்கும் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே முடிவெடுங்கள் என்றார். 2001-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவர்கள் மேனேஜ்மென்ட் புத்தகம் சொல்வதுபோல முதலில் சந்தை ஆய்வு செய்து, லாபம் கணித்து, அப்புறம் இறங்குவதாகத் தெரியவில்லை. கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும் என்று பார்க்கிறார்கள். எவ்வளவு வரும் என்பதைவிட எவ்வளவு போனால் தாங்குவோம் என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள்.

பர்மா பஜாரில் நீங்கள் செய்ததும் இதுதானே ஐயா? பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் அந்த நடைபாதையில் செய்ததும் இதுதான். சந்தை ஆய்வு செய்தா அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை போட்டார்கள்? சமைக்கத் தெரியும், பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பசியோடு வரும் ஆட்கள் தெரியும். அவ்வளவுதான் முதல். விழுந்து எழுந்து வருவது நல்ல பள்ளிக்கூடம், ஃபீஸ்தான் அதிகம். பேரன் முதல் இரண்டு விழுதலை அடுத்தவர் காசில் விழுந்துவிட்டு வரட்டுமே. முடிந்தால் ஒரு நாள் உங்கள் மூன்றில் ஒன்றை, விழுவதற்கு முந்தின வாரம் வரை மட்டும், அவனிடம் சொல்லி நிறுத்துங்கள். அவன் என்ன செய்வான் என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவி, எண்ணூர்

*எங்கள் வகுப்பில் மூன்று பையன்கள்தான் பேசுவார்கள். எனக்கு யோசனை வரும், சொல்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். பேசினால்தான் மார்க் என்கிறார் சார்.*

முதலில் உன் சாருக்கு: பேசிய நேரத்துக்கு மார்க் போடாதீர்கள், தொண்டை பெரிதாக இருப்பவனுக்கு அது இனாம். வகுப்புக்கு வரும்போதே அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். என்ன முடிவு, எந்த எண்ணை நம்பி, எதற்குப் பயம், இந்த மூன்று மட்டும். அதற்குப் பாதி மார்க். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். அதற்கும் பின்னால்தான் பொது விவாதம். தொடங்கிவைக்க யாரை வேண்டுமானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், ஆனால் எழுதி வந்ததைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். "நீ வேண்டாம்னு எழுதியிருக்கே, ஏன்?" என்றால் எந்தப் பெண்ணும் பேசுவாள்.

உனக்கு: பேச்சு நகர்ந்துவிட்டது என்று விட்டுவிடாதே. "கொஞ்சம் பின்னாடி போறேன் சார், அந்த 9,000 ரூபாய் விஷயத்துல" என்று தொடங்கு. நல்ல விவாதத்தில் பாதி பேர் பின்னால்தான் போவார்கள். உன் வீட்டில் யாராவது தொழில் செய்கிறார்கள் என்றால் அதைச் சொல்லக் கூச்சப்படாதே. டிபன் கடையோ, தையலோ, எதுவானாலும். மற்றவர்கள் ஊகிக்கும் இடத்தில் நீ எண் சொல்ல முடியும்.

பெயர் வேண்டாம், ஓட்டேரி

*தேர்வில் இதை எப்படித் திருத்துவது? சரியான விடை இல்லை என்கிறீர்கள், மாணவர் மறுமதிப்பீடு கேட்டால் என்ன சொல்வது?*

சரியான விடை இல்லை. தப்பான விடை நிறைய உண்டு. எண்ணைப் பார்க்காமல் எழுதியது தப்பு. கேஸில் இல்லாத பணத்தைக் கற்பனை செய்தது தப்பு. "ஆன்லைனில் விற்கலாம், விளம்பரம் செய்யலாம்" என்று எந்தக் கடைக்கும் பொருந்துகிற விடையைத் தூக்கிப் போட்டதும் தப்பு. புதிய கேஸ் ஒன்றை ஒரு பக்கத்தில் கொடுத்து, இந்த மூன்றையும் வைத்துத் திருத்துங்கள். மறுமதிப்பீட்டுக்கு வருகிறவரிடம் காட்ட அதுவே போதும்.

தொழில் பயிற்சி நிலையம் நடத்துபவர், மணலி

*மாதா மாதம் புதுக் கேஸுக்கு எங்கே போவது?*

கொத்தவால் சாவடியில் இருந்து தொடங்குங்கள். 1996-ல் அங்கிருந்த மொத்தக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. வியாபாரிகளுக்காவது அங்கே கடை என்ற பேச்சு இருந்தது. பழைய சாவடிச் சந்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்ன செய்வார்? சாக்கும் கயிறும் விற்றவர்? வாடிக்கையாளர் மொத்தமாக ஊரைக் காலி செய்துவிட்டுப் போவதைவிட நல்ல கேஸ் கிடையாது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை நடந்த வருடங்கள் இன்னொன்று. கடைக்கு முன்னால் தகரத் தடுப்பு, வண்டி நிறுத்த இடமில்லை, ரயில் வந்தால் கூட்டம் வரும் என்ற ஆசை மட்டும் உண்டு. விம்கோ நகர் வரை ரயில் ஓடியது 2021 பிப்ரவரியில். அதுவரை வாடகை யார் கொடுப்பது? தடுப்பு வைத்த வாரத்தில் கேஸை நிறுத்துங்கள்.

பெரிய நிறுவனங்களை எடுக்காதீர்கள். பெரம்பூர் பி அண்ட் சி துணி மில், திருவொற்றியூர் என்ஃபீல்டு பைக் தொழிற்சாலை எல்லாம் அருமையான சரித்திரம்தான், முந்தையதிலிருந்துதான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கமே பிறந்தது. ஆனால் ஐயாயிரம் ரூபாயோடு தொழில் தொடங்கப்போகிறவருக்கு அங்கே உட்கார்ந்து முடிவெடுக்க நாற்காலி இல்லை.

ஆசிரியர், புளியந்தோப்பு

*உள்ளூர்த் தொழில் என்றால் தண்டல் (தினவசூல் கடன்) வட்டியும் வந்துவிடுகிறது. வகுப்பில் அதைப் பேசலாமா? தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம்.*

பேசாமல் விட்டால்தான் தப்பு. நம் பக்கத்துச் சிறு வியாபாரத்துக்கு முதல் அங்கிருந்தும் வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும், நாம்தான் தெரியாத மாதிரி முத்ரா கடனின் வகைகளை ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் வசூலுக்கு ஆள் வந்து நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், அதனால் "உங்க வீட்ல வாங்கியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேஸில் வரும் ஆள் வாங்கியதாக இருக்கட்டும்.

கணக்கைப் பலகையில் போடுங்கள். 10,000 ரூபாய்த் தண்டல். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார். தினம் 100 வீதம் நூறு நாள். பையன்கள் உடனே, "1,500 தானே சார், பதினைஞ்சு பர்சென்ட்" என்பார்கள். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருவதால் நூறு நாளும் 8,500 அவர் கையில் இல்லை. சராசரியாகப் பாதி, 4,250 தான் இருந்தது. 4,250-க்கு நூறு நாளில் 1,500 என்றால் 35 சதவீதத்துக்கு மேல். வருடத்துக்குப் போட்டால் 125-ஐத் தாண்டும். வகுப்பு கொஞ்சம் அதிர்ச்சியாகும்.

அங்கே நிறுத்திவிட்டால் அது உபதேசம். அடுத்த கேள்விதான் கேஸ்: இவ்வளவு வட்டி என்று தெரிந்தும் பழக்கடைக்காரர் ஏன் அங்கே போகிறார்? வங்கிக்குப் போக அரை நாள் கடையை மூட வேண்டும். தண்டல்காரர் கடைக்கே வருகிறார், இன்று கேட்டால் இன்றே தருகிறார், ஜாமீன் கேட்பதில்லை. தினம் 100 என்பது கல்லாவிலிருந்து எடுக்க முடிகிற தொகை. எந்த நாளில் இந்தக் கடன் புத்திசாலித்தனம், எந்த நாளில் தூக்குக் கயிறு? பண்டிகைக்கு முந்தின வாரம் சரக்கு எடுக்க என்றால் ஒரு பதில். பழைய தண்டலை அடைக்கப் புதுத் தண்டல் என்றால் வேறு பதில். இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவிக்கு நிதி மேலாண்மை பாதி வந்துவிட்டது.

சுய உதவிக் குழுத் தலைவி, திருவொற்றியூர்

*கேஸில் வரும் ஆளையே வகுப்புக்கு அழைத்துவரலாமா?*

அழையுங்கள், ஆனால் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு. முதலில் வந்தால் பிள்ளைகள் அவர் முகத்துக்கு எதிரே வாயைத் திறக்க மாட்டார்கள். பின் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள், கேட்டுக்கொண்டிருக்கட்டும். முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், கேஸில் பெயரும் தெருவும் மாற்றியிருக்க வேண்டும். கடன் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் தாளில் போடக் கூடாது. அவர் என்ன செய்தார் என்று சொல்லி முடித்ததும், பிள்ளைகள் சொன்னதில் எது அவருக்குத் தோன்றாதது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு நாள் வியாபாரத்துக்கு ஈடாகப் பணம் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம், அதை வைத்து அவர் என்ன செய்வார்?

நாள் பார்த்து அழையுங்கள். எம்.சி. ரோடு துணிக்கடைக்காரரைத் தீபாவளிக்கு முந்தின மாதம் தொந்தரவு செய்யாதீர்கள். மீன் விற்கிறவர் என்றால் வெள்ளிக்கிழமை நல்லது, அன்று வியாபாரம் மந்தம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஒருவர் சரி என்று வந்துவிட்டால், வேறு மீன்காரரைத் தேடுங்கள்.